நாய் வாலும் தமிழர் பழமொழியும்

பழமொழிகள் ஒரு மக்களினத்தின் பட்டறிவைப் பிழிந்தெடுத்த சாறு என்று தமிழாசிரியர்கள் வகுப்பறையில் கற்பிப்பது வழக்கம். அதில் பெரும்பகுதி உண்மையே. ஆயினும் சாறு எல்லாம் அமுதமாகி விடுவதில்லை. சில காலத்தால் புளித்துப் போனவை. சில தவறாகப் பொருள் கொள்ளப்பட்டு நஞ்சானவை. 'நாய் வாலை நிமிர்த்த முடியாது', 'குரைக்கிற நாய் கடிக்காது', 'அடியாத மாடு படியாது', 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்னும் நான்கினையும் எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை தெளிவாகும். மூன்றாவது மாட்டைப் பற்றியதுதான். எனினும் அதன் அடி பெரும்பாலும் நாயின் முதுகிலும் சிறுவனின் முதுகிலுமே விழுகிறது.

இவற்றை நம்பி நாய் வளர்ப்போர் ஒருவகையினர். இவற்றை நம்பி நாய்க்கு அஞ்சுவோர் ஒருவகையினர். இவற்றைக் கொண்டு மாணவனை ஏசுவோர் மற்றொரு வகையினர். இம்மூவரும் தத்தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இனியும் இதனைத் தள்ளிப்போட இயலாது.

சிங்கப்பூர் பரப்பளவிற் சிறிய நாடு. மக்களுள் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். தேக்காவின் பஃபலோ சாலை அடுக்குமாடியாயினும், அங் மோ கியோ அடுக்குமாடியாயினும் நிலைமை ஒன்றே. ஒரே மின்தூக்கியில் நாயும், நாய்க்கு நடுங்கும் சிறுமியும், நாயின் எச்சில் தம்மேல் படாதிருக்க வேண்டுமெனத் தம் சமய நெறிப்படி கருதும் முஸ்லிம் அண்டை வீட்டாரும் ஒருங்கே நிற்க நேர்கிறது. இங்கே ஒருவர் நாயை வளர்ப்பது அவருடைய வீட்டுச் செய்தி மட்டுமன்று. மாடி முழுவதற்கும் உரிய செய்தி. ஆகவேதான் ஒரு வீட்டுக்கு ஒரு நாய் என்றும், அதுவும் ஏற்கப்பட்ட 62 இனங்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்றும் கழகம் விதி செய்தது.

ஒரு நாய் வீட்டுக்குள் இருக்கும்போது எழாத சிக்கல், பல நாய்கள் ஓரிடத்தில் கூடும்போது எழுகிறது. மேலை நாடுகளில் உரிமையாளரும் நாயும் குழுவாகச் சென்று சில நாள்கள் தங்கும் நாய் முகாம்கள் நடைபெறுவதுண்டு. இங்கே அதற்கிணையானவை வேறு பெயர்களில் உள்ளன. பீஷான்–அங் மோ கியோ பூங்கா முதலிய இடங்களில் தேசியப் பூங்காக் கழகம் வேலியிட்டு அமைத்துள்ள நாய்த்திடல்கள், பள்ளி விடுமுறைக் காலத்தில் நிரம்பி வழியும் நாய் விடுதிகள், பகல்நேரக் காப்பகங்கள், வார இறுதிக் குழுநடைகள் ஆகிய யாவும் நாய்கள் கூடுமிடங்களே. தன் வீட்டில் சாதுவாகப் படுத்திருந்த நாய் இக்கூட்டத்தில் என்ன செய்யும் என்பதை அறியாதவர், அதனை அங்கே அழைத்துச் செல்லும் தகுதியைப் பெறாதவர்.

முதல் குற்றவாளி யார்?

இந்நகரின் பதிவுபெற்ற முதல் நாய் விபத்து இன்றைய லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே நிகழ்ந்தது. 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தவர் வில்லியம் ஃபார்குவார். ரோச்சோர் ஆற்றங்கரையில் அவர் உலாவியபோது அவருடைய நாய் ஆற்றில் இறங்கியது. முதலை ஒன்று அதனைக் கவ்விக்கொண்டது. சினமுற்ற ஃபார்குவார் ஆற்றை மறித்து முதலையைக் கொல்லச் செய்தார். அதன் உடல் பிராஸ் பாசா ஆற்றோரத்து மரமொன்றில் தொங்கவிடப்பட்டது. இதனைத் தம் வரலாற்று நூலில் எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. அவருடைய முன்னோருள் ஒருவர் நாகூரில் குடியேறிய அராபியர். அவர் மணந்தது தமிழ்ப் பெண்ணை. 1849இல் அந்நூல் அச்சேறியது.

முதலை தண்டிக்கப்பட்டது. முதலைகள் வாழும் ஆற்றங்கரையில் நாயைக் கட்டின்றி விட்டவரைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருநூறு ஆண்டுகள் கடந்தும் இந்த வழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. இன்று முதலையின் இடத்தில் நாய் நிறுத்தப்படுகிறது. நாய் கடித்தால் நாய் பொல்லாதது. நாய் மின்தூக்கியில் சிறுநீர் கழித்தால் நாய் ஒழுக்கமற்றது. நாய்த்திடலில் இரண்டு நாய்கள் சண்டையிட்டால் நாய்த்திடலையே மூட வேண்டும்! கழுத்துவாரின் மறுமுனையைப் பிடித்திருந்த கை எங்கே போயிற்று என்று எவரும் வினவுவதில்லை. அந்தக் கை கைப்பேசியைப் பிடித்திருந்தது என்பதே பல வேளைகளில் விடையாக இருக்கும்.

நாய் வாலை நிமிர்த்த முடியாதா?

பிறவிக்குணம் மாறாது என்பது இப்பழமொழியின் கருத்து. நாயின் வால் வளைந்திருப்பது எலும்பின் அமைப்பு. அதனை நிமிர்த்த வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் வாலுக்குச் சொன்னதை நாயின் நடத்தைக்கு ஏற்றிச் சொல்வதும், நாய்க்குச் சொன்னதைப் பிள்ளைக்கு ஏற்றிச் சொல்வதும் பிழையிலும் பிழை. தமிழாசிரியர் ஒருவர் காலையில் பாரதியாரின் பாப்பாப் பாட்டை நடத்துகிறார். நாயை மனிதனின் தோழனாக அறிமுகப்படுத்தும் அப்பாட்டைப் பிள்ளைகள் இசையோடு பாடுகின்றனர். அன்று பிற்பகலே, வீட்டுப்பாடம் செய்யாத சிறுவனை நோக்கி, 'நாய் வாலை நிமிர்த்த முடியுமா?' என்கிறார் அதே ஆசிரியர். காலைப் பாடம் பிற்பகலில் அழிந்தது. அதைவிடக் கொடுமை, 'உன்னைத் திருத்த இயலாது. நானும் முயலமாட்டேன்' என்பதே அச்சிறுவன் காதில் விழுந்த பொருள். கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டவர் சொல்லத்தகாத சொல் ஒன்று உண்டெனில் அஃது இதுவே.

நாயைப் பொறுத்தவரை அறிவியல் இப்பழமொழிக்கு மாறாகவே சான்று பகர்கிறது. நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே, பிற உயிர்களோடு பழகும் தன்மை அதனிடம் வேரூன்றும் காலம் என ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினர். அக்காலத்தில் பல்வகை மனிதரையும் பிற நாய்களையும் ஓசைகளையும் அஞ்சாமல் காணும் வாய்ப்புப் பெற்ற குட்டி, வளர்ந்தபின் கூட்டத்தில் நிதானமாக நடந்துகொள்கிறது. வாய்ப்புப் பெறாத குட்டி அஞ்சுகிறது. அஞ்சுகிற நாயே பெரும்பாலும் கடிக்கிறது. அதற்குப் பின்னும் நாய் கற்கும். சற்றுக் காலமும் பொறுமையும் மிகுதியாக வேண்டும். கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய் பெருவிரைவு ரயிலின் நெரிசலில் எவரையும் முகராமல், எதற்கும் குரைக்காமல் உரிமையாளரின் காலடியில் படுத்திருப்பதைக் கண்டவர் இப்பழமொழியை மறுபடியும் சொல்ல நாணுவர்.

இந்நாட்டின் விதியொன்றும் இதற்குச் சான்று. தெருவிற் பிறந்த கலப்பின நாய்களை இங்கே 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்பர். அவை ஏற்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இல்லாமையால் நெடுங்காலம் அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைய இயலவில்லை. 2012இல் தொடங்கிய 'அடோர்' என்னும் திட்டம் அவற்றுக்குக் கதவைத் திறந்தது. 2014இல் அது நிலையான திட்டமாயிற்று. முதலில் உயரம் 50 சென்டிமீட்டருக்கும் எடை 15 கிலோவுக்கும் மிகாத நாய்களே ஏற்கப்பட்டன. 2020இல் எடை வரம்பு நீக்கப்பட்டு உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. இத்திட்டத்தில் சேரும் நாய் கருத்தடை செய்யப்பட்டிருத்தல் வேண்டும். கீழ்ப்படிதற் பயிற்சியும் பெறுதல் வேண்டும். தெருவில் பிறந்த நாய் வீட்டு நாயாகிறது. வால் நிமிர்ந்ததோ இல்லையோ, வாழ்வு நிமிர்ந்தது!

இங்கே ஒரு முரண்பாட்டையும் சுட்டுதல் வேண்டும். தெருவிற் பிறந்த நாய்க்குக் கட்டாயக் கல்வி. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய சிற்றின நாய்க்கு அக்கட்டாயம் இல்லை. முதன்முறையாக உரிமம் கேட்போர் இணையவழிப் பாடமொன்றை முடிக்க வேண்டும் என்பது நல்ல விதியே. ஆயினும் திரையில் படித்து நீந்தக் கற்றவர் எவருமில்லை. நாயின் கழுத்துவாரைக் கையிற் பிடித்து, பயிற்றுநர் ஒருவர் முன்னிலையில் கற்க வேண்டிய கல்வி அது. அதனை எல்லா உரிமையாளர்க்கும் கட்டாயமாக்கினால் என்ன?

குரைக்கிற நாய் கடிக்காதா?

நான்கனுள் மிகவும் ஆபத்தானது இதுவே. இதனை நம்பிக் கையை நீட்டிக் கடிபட்டோர் பலர். குரைப்பும் உறுமலும் நாயின் மொழி. 'அருகே வராதே, எனக்கு அச்சமாக உள்ளது' என்பதே உறுமலின் பொருள். அதனைக் கேட்டு விலகுபவர் கடிபடுவதில்லை, கேளாதவரே கடிபடுகின்றனர். உறுமியதற்காக நாயை அடிக்கும் உரிமையாளரோ இன்னும் பெரிய பிழையைச் செய்கிறார். அவர் நாயின் சினத்தை நீக்கவில்லை. எச்சரிக்கையை மட்டும் நீக்கினார். அடுத்தமுறை அந்நாய் உறுமாமலே கடிக்கும். தீயை அணைக்காமல் தீயறிவிப்பு மணியை உடைத்தவரை அறிவுடையவர் என்று யாரேனும் சொல்வரோ?

உறுமலுக்கு முன்பே நாய் பல குறிகளைக் காட்டுகிறது. உடல் விறைக்கிறது, வால் உயர்ந்து கொடிக்கம்பம்போல் நிற்கிறது, உண்ணாத வேளையில் உதட்டை நக்குகிறது, களைப்பில்லாமல் கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்பகுதி தெரியப் பார்க்கிறது. வாலாட்டும் நாயெல்லாம் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் எண்ணிவிடலாகாது. உடல் தளர்ந்து இடையும் சேர்ந்து ஆடினால் அது மகிழ்ச்சி. உடல் விறைத்து வால்நுனி மட்டும் துடித்தால் அது கொதிப்பு. நாய்கள் கூடுமிடத்தில் உரிமையாளரின் முதற்கடமை இம்மொழியைப் படித்தறிவதே. யாப்பிலக்கணத்தின் அசையும் சீரும் கற்க முடிந்த தமிழ் மாணவனுக்கு இவ்விலக்கணம் கற்பது கடினமன்று.

அடியாத மாடு படியாதா?

நாய்க்குத் தான் தலைவன் என்று காட்டிவிட வேண்டும், அடித்தும் அழுத்தியும் பணிய வைக்க வேண்டும் என்று வாதிடுவோர் இன்றும் உளர். ஓநாய்க் கூட்டத்தை அவர்கள் சான்று காட்டுவர். அச்சான்று வந்த வழியைப் பார்ப்போம். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்னும் அறிஞர், விலங்குக்காட்சிச் சாலையில் ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களை ஆராய்ந்து, அவை தலைமைக்காக ஓயாது போரிடுவதாக எழுதினார். 1970இல் டேவிட் மெக் எழுதிய புகழ்பெற்ற நூல் இக்கருத்தைப் பரப்பியது. பின்னர் மெக் காட்டில் இயல்பாக வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரிற் கண்டார். அக்கூட்டம் தாயும் தந்தையும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே அன்றிப் போர்க்களமன்று என உணர்ந்து, 1999இல் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தி எழுதினார். தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்ட அவ்வறிஞரின் பெருமையை, அவருடைய பழைய நூலை மட்டும் பிடித்துக்கொண்டு நாயை உதைப்போர் அறிந்திலர்.

விலங்கு நடத்தையைக் கற்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கழகம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்ப் பயிற்சிக்கும் பரிசளிப்பு முறையே பயன்படுத்தப்பட வேண்டும் என்று தெளிவுறக் கூறியது. நாய் விரும்பத்தக்க செயலைச் செய்த அந்நொடியே சிறு உணவுத் துண்டு, பாராட்டுச் சொல், விளையாட்டு ஆகியவற்றுள் ஒன்றைத் தருவது. விரும்பத்தகாத செயலுக்கு வாய்ப்பே இல்லாதபடி இடத்தையும் நேரத்தையும் ஒழுங்கு செய்வது. இவ்வளவே அம்முறை. இதில் கண்டிப்பு இல்லையா என்று வினவுவோர் உளர். உண்டு, கண்டிப்பு முழுவதும் உரிமையாளருக்கு! நாள்தோறும் தவறாமல் பயிற்சி தருவதும், ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் என்று மாறாமல் நடப்பதும் பிரம்பை ஓங்குவதைக் காட்டிலும் கடினமான ஒழுக்கம். சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் பிரம்பு எவரும் எண்ணியபோது எடுத்தாளும் கருவியன்று. விதிகளால் எல்லை கட்டப்பட்டது. நல்லாசிரியருக்கு அஃது ஒருபோதும் முதற்கருவியாக இருந்ததுமில்லை.

கல்லையும் நாயையும் பற்றி

'கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்னும் தொடருக்கு ஆழ்ந்த பொருள் கூறுவோர் உளர். கல்லில் வடித்த நாயைச் சிற்பமாகக் காண்பவனுக்குக் கல் மறைகிறது. கல்லாகக் காண்பவனுக்கு நாய் மறைகிறது. தோற்றத்தில் உண்மையும் உண்மையில் தோற்றமும் மறையும் தத்துவம் அது. அத்தகைய தொடர் தெருவில் நாயைக் கல்லால் அடிக்கும் பேச்சாகச் சுருங்கியதற்கு நாய் பொறுப்பன்று.

தமிழிலக்கியம் நாயை இழித்ததைவிட மதித்த இடங்கள் நினைவிற் கொள்ளத்தக்கவை. நாலடியார் நட்பாராய்தல் அதிகாரத்தில் யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. நெடுநாள் பழகிய பாகனையும் யானை கொல்லும். தன்மேல் எறியப்பட்ட வேல் உடலில் தைத்து நிற்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும். ஆகவே நாயனையாரின் நட்பையே நாடுக என்பது அதன் அறிவுரை. மாணிக்கவாசகர் இறைவன்முன் தம்மை நாயென்று தாழ்த்திக்கொண்டது பணிவு. பிறரை நாயென்று தாழ்த்துவது செருக்கு. இரண்டனையும் ஒன்றாகக் கருதுவோர் திருவாசகத்தை ஓதியவரேயன்றி உணர்ந்தவரல்லர். இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எனத் தம் ஊர்ப்பெயராலும் தம் மொழிப் பெயராலும் நாயினங்களை வளர்த்துப் பெயர்பெற்ற மக்கள், நாய் வளர்ப்பை வெள்ளையர் பழக்கம் என்று தள்ளுவது பொருந்துமா?

அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. வெறிநாய்க்கடியால் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவருள் மூவரில் ஒருவர் இந்தியர். தமிழகத்திலிருந்து வந்த தாத்தாவும் பாட்டியும் பெயரனுக்கு ஊட்டிய அச்சம் பொய்யன்று, அவர்கள் கண்டறிந்தது. ஆனால் சிங்கப்பூர் 1953 முதல் வெறிநாய் நோயற்ற நாடு. இங்கே பிள்ளைக்குத் தேவை அச்சம் அன்று, எச்சரிக்கையே. அறிமுகமில்லா நாயைக் கண்டால் ஓடாதே, கத்தாதே, கைகளை உடலோடு ஒட்டி மரம்போல் அசையாமல் நில், உரிமையாளரைக் கேளாமல் தொடாதே, உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் அணுகாதே. இவ்வைந்தும் ஒரு பாடவேளைக்குள் கற்பிக்கக் கூடியவை.

கூடுமிடத்தின் ஒழுங்கு

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை முதல்நாளில் ஒரே வாயிலில் ஒருங்கே நுழையவிட்டு, உணவுப் பொட்டலத்தையும் நடுவில் வைத்துவிட்டு, ஆசிரியர் வெளியே சென்று தேநீர் அருந்தினால் என்ன நிகழும்? நாய்கள் கூடுமிடங்கள் பலவற்றில் நடப்பது அதுதான். பின்வருவன எளியவை, ஆனால் உயிர் காப்பவை.

கூட்டத்திற்கு வரும் நாய் தடுப்பூசிகள் முழுமையாகப் பெற்றிருத்தல் வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவை கூட்டத்தில் விரைந்து பரவிக் கொல்லும் நோய்கள். விடுதி இருமலும் அவ்வாறே பரவுவது. உண்ணி, குடற்புழு ஆகியவற்றுக்கான மருந்தும் காலந்தவறாமல் தரப்பட்டிருத்தல் வேண்டும். இருமலோ கழிச்சலோ உள்ள நாயும், பருவத்திலிருக்கும் பெண்நாயும், தடுப்பூசி முடியாத குட்டியும் வீட்டிலேயே இருத்தல் நன்று.

இரு நாய்களை நேருக்குநேர் இழுத்துப்பிடித்து முகம் காட்டுதல் சண்டைக்கு அழைப்பு விடுப்பதாகும். வேலிக்கு வெளியே இடைவெளிவிட்டு ஒரே திசையில் இணையாக நடக்கவிட்டு, இரண்டும் தளர்ந்தபின் ஒவ்வொன்றாக உள்ளே விடுதலே முறை. வாயிலருகே மற்ற நாய்கள் மொய்க்காதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். அவிழ்த்துவிட்ட நாய்களின் நடுவே ஒன்றை மட்டும் கட்டியே வைத்தலும் தீது. தப்பியோட வழியில்லை என்று உணர்ந்த நாய் பாயத் துணியும். அழைத்தால் திரும்பி வரக் கல்லாத நாயை அவிழ்த்தலே கூடாது. சிறுநாய்களும் பெருநாய்களும் தனித்தனியே விளையாடுதல் நலம். உணவுத் தட்டும் எலும்பும் விருப்பமான பந்தும் பொதுவிடத்தில் இருத்தல் ஆகா. சண்டை மூண்டால் இடையே கையை விடுதல் பெருந்தவறு. தண்ணீரை வீசியடித்தோ, பலகையை இடையே செருகியோ பிரித்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் மறக்கப்படுவது இந்நாட்டின் வெப்பம். மனிதனைப்போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்து, வாயின் ஈரம் ஆவியாவதாலேயே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூர்க் காற்றில் அந்த ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. உடல் வெப்பம் 41 செல்சியசைக் கடந்தால் உயிருக்கே கேடு. பக், புல்டாக் போன்ற குறுமூக்கு நாய்களுக்கு இடர் இன்னும் மிகுதி. ஆதலால் கூட்டம் காலையிலோ மாலையிலோ அமைதல் வேண்டும். நிழலும் தண்ணீரும் கட்டாயம். புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைத்துப் பொறுக்க முடியாவிடில் அத்தரை நாயின் பாதத்துக்கும் ஆகாது. மயங்கிய நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, தண்ணீரால் நனைத்து, விசிறியவாறே கால்நடை மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

பணம் பெற்று நாய்களைக் காப்போர் இவற்றை மறந்தால் விளைவு என்னவாகும் என்பதை நாடு ஒருமுறை கண்டது. 2018 டிசம்பர் இறுதியில் அதிகாரிகள் நாய்க் காப்பகம் ஒன்றில் நுழைந்து, கேட்பாரற்ற நிலையிலிருந்த பதினெட்டு நாய்களையும் ஒரு முயலையும் மீட்டனர். விடுமுறைக்காக அங்கே விடப்பட்ட நாய்களுள் ஒன்று மீளவேயில்லை. மறு ஆண்டு அந்நிறுவன உரிமையாளருக்கு 35,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 2014இல் திருத்தப்பட்ட விலங்குகள், பறவைகள் சட்டம் இத்தகைய தண்டனைகளைக் கடுமையாக்கியிருந்தது. ஆயினும் சட்டம் வருவது நாய் இறந்த பின்னரே. விடுதியை நேரிற் பாராமல், எத்தனை நாய்க்கு எத்தனை காவலர், இரவில் யார் இருப்பார், நோயுற்றால் எந்த மருத்துவர் என்று கேளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் விரைவோர்க்கும் அக்குற்றத்தில் பங்கில்லையா?

மனிதர்க்கே ஆயிரம் குறைகள் இருக்க, நாய்க்கு இத்தனை விதிகளா என்று கேட்போர் உண்டு. இவை நாய்க்காக மட்டும் எழுந்த விதிகளல்ல. அஞ்சும் சிறுமிக்காக, எச்சில் படாதிருக்க விரும்பும் அண்டை வீட்டாருக்காக, மின்தூக்கியில் தடியூன்றி நிற்கும் முதியவருக்காக எழுந்தவை. கழுத்துவாரைக் குறுகப் பிடித்து, நாயை மின்தூக்கியின் மூலையில் அமரச் செய்து, தன் உடலை இடையே நிறுத்தும் உரிமையாளர் பல்லின நாட்டுக்கு உகந்த குடிமகனாகிறார். அவ்வாறு செய்யாதவர், நாயையே தடைசெய்க என்று கூவுவோரின் கையில் தாமே கல்லை எடுத்துத் தருகிறார்.

ஆகவே வேண்டுவன மூன்று. நாய் எவ்வினமாயினும் அதற்கும் அதன் உரிமையாளருக்கும் அடிப்படைப் பயிற்சி கட்டாயமாதல் வேண்டும். நாய்கள் கூடுமிடம் ஒவ்வொன்றிலும் வாயிலிலேயே ஒழுங்குமுறை நான்கு மொழிகளிலும் எழுதப்பட்டு, பின்பற்றப்படுதல் வேண்டும். தமிழ் வகுப்பறையில் நாயைப் பற்றிய பழமொழிகளைக் கற்பிக்கும்போது அவற்றின் பிழையையும் உடன் கற்பித்தல் வேண்டும்.

மூன்றாவது எவர் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதன்று. நாளைக் காலையிலேயே தொடங்கலாம். வீட்டுப்பாடம் செய்யாத சிறுவன் எழுந்து நிற்கும்போது, ஆசிரியரின் நாவில் அந்தப் பழைய வால் வந்து நிற்கும். அதனை விழுங்கிவிட்டு, 'ஏன் செய்யவில்லை, தம்பி?' என்று கேட்டாற் போதும். தெருநாய் கற்கும் நாட்டில் ஒரு சிறுவன் கற்கமாட்டான் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.